பனகல் பூங்கா மண்ணோடு திரும்ப வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தியாகராய நகர் பனகல் பூங்காவின் பெரும்பகுதி மெட்ரோ நிலையப் பணிக்காகத் தகர அடைப்புக்குள் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடத்துக்கு அங்கே நிலையம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பணி முடிந்தபின் அந்த இடம் எந்த வடிவில் நமக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதே என் கவலை.

1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்தபின் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டை இது. ஜி.என். செட்டி சாலை, தியாகராயா சாலை, வெங்கட்நாராயணா சாலை மூன்றும் வந்து முட்டும் இடத்தில் பூங்காவை அமைத்து, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரைச் சூட்டினார்கள். (தியாகராயர், உஸ்மான், நாயர், நடேசன் என்று தெருப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் நீதிக்கட்சியின் வரலாறு பாதி தெரிந்துவிடும்.)

நிலத்தடி நிலையத்தின் கூரை கான்கிரீட். அதன்மேல் ஓரிரு அடி மண்ணைப் பரப்பினால் புல்லும் குரோட்டன்ஸும் வளருமே தவிர, வேம்பும் தூங்குமூஞ்சியும் நிலைத்து நிற்கா. பாண்டி பஜாரை 2019-இல் நடைபாதை வளாகமாக்கியது நல்ல காரியம்தான். ஆனால் ஏப்ரல் மதியத்தில் போய்ப் பாருங்கள், மர நிழல் விழும் இருக்கையில் நால்வர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பக்கத்திலேயே வெயிலில் காயும் இருக்கை சாயங்காலம் வரை காலியாகக் கிடக்கும். ஆகவே, நிலையக் கூரைக்கு மேல் வராத பகுதியையாவது கல் பாவாமல், பெருமரங்களுக்கும் மழைநீர் இறங்குவதற்கும் முழுமையாக விட்டுவிட வேண்டும். காற்றுப்போக்கிக் கூண்டுகளையும் நிலைய வாயில்களையும் சாலையோரமாக ஒதுக்கிவிட்டால் நடுவிடம் துண்டுபடாது.

இன்னொன்று, கதவு. தீபாவளிக்குத் துணியெடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், நடுப்பகலில் பூங்கா பூட்டியிருந்ததால், கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரத்திலேயே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியதைப் பார்த்திருக்கிறேன். புதிய பூங்காவில் நாள் முழுவதும் திறந்திருக்கும் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அவர்களுக்கும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

வரைபடம் தயாராகியிருந்தால் அதை அந்தத் தகர அடைப்பின்மேலேயே தமிழில் ஒட்டிவைக்கலாம். பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரத்தில் நாங்களும் பார்த்து, எங்கள் கருத்தைச் சொல்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தியாகராய நகர், சென்னை