பதக்கத்தைத் துலக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார்கில் வெற்றி நாளும் சுதந்திர தினமும் நெருங்கினால் குமரி மாவட்டத்தில் பட்டாளத்தார் வீடுகளில் பழைய பதக்கங்கள் பெட்டியை விட்டு வெளியே வரும். உடனே துலக்கத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளிக்கு விபூதி, வெண்கலத்துக்குப் புளி, எதுவென்று தெரியாவிட்டால் பற்பசை. தயவுசெய்து எதுவும் வேண்டாம்.

போர்க்கள வீரத்துக்கு இந்திய அரசு தரும் மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளிப் பதக்கங்கள், குறுக்களவு சுமார் மூன்றரை செ.மீ. நடுவே சற்று மேடாக உள்ள அரசு முத்திரைக்குத் தங்க முலாம் உண்டு. தேய்க்கும் துணி முதலில் படுவது அந்த மேட்டில்தான். சில வருடங்களில் சிங்க முகத்தில் மஞ்சள் போய் வெள்ளி தெரியும். முலாம் பூசித் தருகிறோம் என்பவரிடம் கொடுத்தால் முதலில் பாலிஷ் சக்கரத்தில் பிடிப்பார். அதில் விளிம்பு எழுத்தும் மழுங்கிவிடும்.

உண்மையான பெரிய நஷ்டம் அதுதான். பிரிட்டிஷ் காலத்து வீரப் பதக்கங்களான மிலிட்டரி மெடல், ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்க்விஷ்ட் சர்வீஸ் மெடல்) ஆகியவற்றின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். செல்லையன் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். எண் மாறாது, ஆளைக் கண்டுபிடிக்க அதுவே வழி. மிலிட்டரி மெடலுக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் பெயர் வரும், என்ன செய்தார் என்ற விவரம் வராது. அது, பதக்கம் தரும்படி மேலதிகாரி எழுதிய பரிந்துரைத் தாளில் இருக்கும். இரண்டாம் உலகப் போர்த் தாள்கள் பல லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எழுத்து மங்கலாக இருந்தால் 12 செ.மீ. நீள மெல்லிய காகிதத் துண்டை விளிம்பில் சுற்றி மென்மையான பென்சிலால் லேசாகத் தேய்த்தால் தெரியும். அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, பதக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் படம் எடுக்கலாம். நேர் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது.

கறுப்பு படிவது கந்தகத்தால். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, மலிவான அட்டைப்பெட்டி மூன்றும் அதைக் கூட்டும். நமக்கு ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை, போதாததற்குக் கடற்காற்று. ஈரச் சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் வெண்கலம் பச்சை பிடிக்கும். சட்டத்தில் பசை போட்டு ஒட்டினால் பின்புறமும் விளிம்பும் யாருக்கும் தெரியாது. வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மூடி இறுகிய டப்பாவில் வைத்தால் போதும்.

ரிப்பன் நைந்தால் தையல்காரரிடம் கொடுப்பதற்கு முன் அதில் சின்ன இலை ஏதும் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதக்க ரிப்பனில் வெண்கல ஓக் இலை, சுதந்திரத்துக்குப் பிந்தையதில் தாமரை இலை. போர்க்கள அறிக்கையில் அவர் பெயர் குறிப்பிடப்பட்டதற்கான அடையாளம் அது. பழைய ரிப்பனோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. ‘எட்டுப் பதக்கம் வென்ற வீரர்’ என்று படம் போடுகிறீர்கள். அதில் பெரும்பாலானவை அந்தப் போரில் பணியாற்றியவர்களுக்குப் பொதுவாகத் தந்தவை. 1939-45 வார் மெடலுக்கு 28 நாள் பணியே போதும். 1971 சங்ராம் மெடலும் வீரச் செயலுக்கானதல்ல. எதிரிக்கு எதிரே காட்டிய வீரத்துக்குப் பரம்வீர், மகாவீர், வீர் சக்ராக்கள். ரிப்பன் முறையே ஊதா, பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு, பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையது பரம்வீர் சக்ரா. மேஜர் முகுந்த் வரதராஜனுடையது அசோக சக்ரா. அது எதிரியோடு நடக்கும் போருக்கு வெளியே காட்டிய வீரத்துக்கான வேறு வரிசை, மதிப்பில் குறைந்ததல்ல. இரண்டையும் குழப்பாமல் எழுதினால் நல்லது.

வீரரின் பணி ஆவணம் தேடுவோர் எல்லாரும் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கே எழுதுகிறார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் சரி. சாப்பர் (பொறியாளர் படை) என்றால் பெங்களூருவுக்கு எழுத வேண்டும். 1956 வரை நம் பகுதி முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கில் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானப் படையில் இருந்தவர்களின் குடும்பத்தார், அது பின்னர் 9, 16 மெட்ராஸ் பட்டாலியன்களில் சேர்ந்ததையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். எண் தெரியாவிட்டால் படையிலிருந்து விடுவிக்கும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்க நகலை இணையுங்கள். எங்கே எழுதுவது என்று குழப்பம் இருந்தால் நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை