பழைய பெட்ரோலில் ஓடும் கார்கள்

ஆசிரியருக்கு,

ஏற்காட்டில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். 2010 முதல் 2022 வரை 11 சீசன்கள் வந்த 'தி வாக்கிங் டெட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முழுவதும் பார்த்தவன். பிணம் எழுந்து நடப்பதை ஏற்கிறேன், கதையே அதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் கிடந்த கார் சாவியைத் திருப்பியதும் கிளம்புவதா? மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற பைக் வந்தாலே கார்புரேட்டரில் பிசின் படிந்திருக்கும். பெட்ரோலில் புளித்த வாடை அடிக்கும். பிந்தைய சீசன்களில் வண்டிகளில் குதிரைகளைப் பூட்டியபோதுதான் மனம் ஆறியது.

இத்தொடரில் சண்டை குறைவு, அழுகை அதிகம் என்று குறை சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு காட்சியில், காணாமல்போன மகளைத் தேடித் தேடிக் களைத்த தாயின் முன், அந்த மகள் கொட்டகையிலிருந்து பிணமாக நடந்து வருகிறாள். அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, என் மகள் டியூஷனிலிருந்து திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

- ஒரு வாசகர், ஏற்காடு