லோடர் வேண்டாம் மாப்ளே

மாப்ளே,

சித்திரைக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருப்பாய், திட்டிக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. பொன்னான் இன்னும் அதே சீட்டுக்காரனைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

சரி, நீ மினி டிராக்டருக்கு முன்னால் மண் அள்ளித் தூக்குகிற லோடர் மாட்டப்போகிறாயாமே, காங்கேயம் சந்தையில் மச்சான் சொன்னான். மொபெட்டில் புண்ணாக்கு மூட்டை ஏற்றியவனுக்குப் புத்தி சொல்ல நான் யார்? இருந்தாலும் கேள். புத்தகத்தில் 750 கிலோ தூக்கும் என்று போட்டிருப்பது பின்னால் இருக்கிற ஹைட்ராலிக்குக்கு, லோடருக்கு இல்லை. ஈர வண்டல் ஒரு கன மீட்டரே ஒன்றரை டன் வரும். பக்கெட் நிறைய அள்ளி உயரத் தூக்கினால் பாரமெல்லாம் முன் அச்சில் இறங்கி, பின்சக்கரம் லேசாகிவிடும். பிரேக் இருப்பதோ பின்சக்கரத்தில். பின்னால் எடை கட்டாமல் லோடர் ஓட்டவே கூடாது.

உனக்கு ஆக வேண்டியது என்ன? டிப்பரில் வந்து கொட்டிய குளத்து வண்டலை ஆடி மழைக்குள் தோப்பில் பரப்பணும், மேட்டுக்காட்டில் மழை அறுத்த பள்ளத்தை நிரவணும், அவ்வளவுதானே? அதற்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பாக்ஸ் பிளேடு போதும். இரண்டு பக்கமும் தகடு அடைத்திருப்பதால் மண்ணை வழியவிடாமல் இழுத்துப் போய்ப் பள்ளத்தில் விடும். பிளேடை வண்டியோடு மேலே பிணைக்கிற டாப் லிங்க் கம்பியைச் சுருக்கினால் முன்பல் கடிக்கும், இறுகிய செம்மண்ணும் கிளறும். நீட்டினால் பின்தகடு தேய்த்துக்கொண்டே போய்ச் சமனாக்கிவிடும். பக்கத்தகடு இல்லாத வெறும் பிளேடு விலை குறைச்சல்தான், கோணம் திருப்பி வைத்து இட்டேரிப் பாதையில் மண்ணை ஓரம் தள்ளலாம், வாய்க்கால் எடுக்கலாம், ஆனால் மண்ணைத் தூரம் கொண்டுபோகாது, இரண்டு பக்கமும் ஒழுக்கிவிடும். சுக்கான்பாறை தட்டுகிற இடத்தில் இரண்டு பிளேடும் துள்ளும். அங்கே முதலில் ஐந்து கொத்துக் கலப்பை ஓட்டிவிடு. தென்னையைச் சுற்றி ஆறடிக்குள் பிளேடை ஆழமாக இறக்காதே, வேரெல்லாம் மேலாகத்தான் இருக்கும். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்க மறந்தால் அக்கா உன்னைச் சுருட்டுவார்.

அள்ளி ஏற்றுகிற வேலை எப்போதாவது வந்தால் ஜேசிபியை மணி வாடகைக்குக் கூப்பிடு, தீர்ந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை மாப்ளே, உன் கிணற்றுமேடு சரிவு, சுற்றுச்சுவரும் கிடையாது. பக்கெட்டை உயர்த்தியபடி அங்கே வண்டியைத் திருப்பினால் கவிழும். பையனும் ஓட்டுவான், அதை யோசி.

பின்சக்கரத்தின் வெளி அகலத்தை டேப் பிடித்து அனுப்பு. பிளேடு அதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால்தான் சக்கரத்தடம் அழியும். பல்லடத்துப் பட்டறையில் விலை கேட்கிறேன். வெட்டுத்தகடு தேய்ந்தால் திருப்பி மாட்டுகிற மாதிரிதான் வேணும் என்றும் சொல்லிவிடுகிறேன். நாளைக்குள் அளவு வரணும், பட்டறைக்காரர் வெள்ளிக்கிழமை கடை திறக்கமாட்டார்.