ஒக்ரோபரில் வரமாட்டோம்

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா
செப்ரெம்பர் 20

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. ஒக்ரோபர் 5ஆம் திகதி இங்கிருந்து புறப்பட்டு, அங்கே வசந்தம் தொடங்கியிருக்கும் மெல்பேர்ணுக்கு வந்து, இங்கு பனி கொட்டித் தீரும்வரை உன்னுடன் தங்கும்படி எழுதியிருந்தாய். போன வருடம் ஈர இலையில் சறுக்கி நான் வாசற்படியில் விழுந்ததும், அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சையும் உன்னைப் பயமுறுத்திவிட்டன என்பது எனக்குத் தெரியும். கட்டாயம் வருவோம், ஆனால் ஒக்ரோபரில் வரமாட்டோம். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் மறித்துப் பேசி வென்றுவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

கோடையின் புழுக்கத்தில் அம்மாவால் தெருமுனைவரைகூட நடக்க முடிவதில்லை. ஜனவரியில் நடைபாதை கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும்போது நான் அவரை வெளியே விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில், வியர்வையும் நுளம்பும் இல்லாமல் ஒரு சுவெற்றருடன் வெளியே நடமாடக் கிடைக்கும் இலையுதிர்காலத்து ஏழெட்டு வாரங்கள்தாம் எங்கள் வயதுக்கு ஏற்ற காலம். வேலைக்குப் போன நாட்களில் இந்தப் பருவத்தை நான் பார்த்ததே இல்லை. காலையில் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இலையைத் துடைத்து எறிந்ததோடு சரி. இப்போது ஓர் இடத்துக்குப் புறப்படுமுன் மூன்று விடயங்களை மட்டும் விசாரிக்கிறோம். இருக்க வாங்கு உண்டா, கழிப்பறை உண்டா, பாதை ஏற்றமா. இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அன்றைக்குப் பயணம்தான்.

அப்பிள் தோட்டத்துக்கு ஏற்கெனவே போய்வந்துவிட்டோம். இப்போதைய மரங்கள் குட்டையானவை. ஏணி தேவையில்லை, நின்ற நிலையிலேயே கைக்கு எட்டுகிறது. பழத்தைப் பிடித்து இழுக்காமல், உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி லேசாகத் திருப்பினால் காம்போடு கழன்று வரும் என்று தோட்டத்துப் பெண் காட்டித் தந்தாள். நாங்கள் பறித்தது மக்கின்ரோஷ். இதே ஒன்ராறியோவில் 1811இல் ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி தன் காணியில் தற்செயலாகக் கண்டெடுத்த கன்றுகளிலிருந்து பரவிய இனம் அது. புளிப்புத் தூக்கலாக இருப்பதால் அம்மா அதை மாங்காயாகவே நடத்துகிறார். மிளகாய்த்தூளும் கடுகும் சேர்த்து ஆறு போத்தல் அச்சாறு போட்டாகிவிட்டது. இரண்டு உனக்கு, விமான நிலையத்தில் விட்டால்.

நான் காத்திருப்பது மீனுக்காக. செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர்வரை ஒன்ராறியோ ஏரியில் இருந்து சினூக் சல்மன்கள் முட்டையிடுவதற்காக எங்கள் ஹைலண்ட் கிறீக் ஓடையில் ஏறி வருகின்றன. மோர்னிங்சைட் பூங்காவில் ஓடையை ஒட்டித் தார்ப்பாதை உண்டு. அம்மாவின் தள்ளுவண்டி தடையின்றிப் போகும். கணுக்கால் அளவுத் தண்ணீரில், முதுகு வெளியே தெரிய, என் கை நீளத்துக்கு ஒரு மீன் கற்களின் மேல் வயிற்றைத் தேய்த்தபடி முன்னேறுவதை நீ பார்க்க வேண்டும். நாங்கள் போன வருடம் அப்படி ஒன்றை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். வால் ஓரம் வெள்ளையாகத் தேய்ந்துபோயிருந்தது. மூன்று தரம் நீரோட்டம் பின்னுக்குத் தள்ளியது. பிறகு கரையோரப் பள்ளத்தில் அசையாமல் கிடந்து, நாங்கள் அது செத்துவிட்டதென்று முடிவுசெய்த நேரத்தில் ஒரே உதறலில் மேலே ஏறிவிட்டது. அம்மா கைதட்டினார். பக்கத்தில் நின்ற சீனத் தம்பதியும் தட்டினார்கள்.

இந்த ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சல்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கு அழிந்துபோயிற்று. சினூக், பசிபிக் கரைக்குரிய இனமாக இருந்து 1960களின் பிற்பகுதியிலிருந்து பேரேரிகளில் விடப்பட்டது. ஆற்றில் ஏறத் தொடங்கியதும் அவை உணவு உண்பதை நிறுத்திவிடுகின்றன, முட்டையிட்டபின் இறந்துவிடுகின்றன. ஆகையால் கரையில் சிறிது நாற்றமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பருத்தித்துறைக்காரியான உன் அம்மாவுக்கு முதலில் வந்த கேள்வி, அதைக் குழம்பு வைக்கலாமா என்பதுதான். அந்த நிலையில் சதை தளர்ந்து ருசியற்றுப் போய்விடும் என்று விளக்கியும் அவர் முழுதாக நம்பவில்லை.

வடக்கே காடு நிறைந்த அல்கொன்குயின் பூங்காவுக்கு எங்கள் முதியோர் சங்கத்தார் ஒக்ரோபர் முதல் வாரத்தில் பஸ் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பொங்கல் போல நல்ல நாள் பார்த்து ஒக்ரோபர் நடுவில் போய், மேப்பிள் இலைகள் எல்லாம் கொட்டிவிட்ட வெறுங்கிளைகளைப் பார்த்துத் திரும்பினோம். சிவப்பு மேப்பிளிலும் சர்க்கரை மேப்பிளிலும் நிறம் உச்சத்துக்கு வருவது அங்கே செப்ரெம்பர் இறுதியில். ரொறன்ரோவில் அதற்குச் சில வாரம் கழித்து. பகல் குறுகக் குறுக இலையில் பச்சையம் சிதைகிறது. உள்ளே முன்பே இருந்த மஞ்சள் அப்போது வெளித்தெரிகிறது. சிவப்பு அப்படி மறைந்திருந்ததன்று. வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் அமைந்தால் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. அந்தப் பயணம் வீணாய்ப் போயிற்று என்றும் சொல்ல முடியாது. தமராக் என்ற ஊசியிலை மரங்கள் மட்டும் அப்போதுதான் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. நெடுஞ்சாலை 60இல் உள்ள பார்வையாளர் மண்டபத்தின் பின்புறத் தளத்திலிருந்தே காடு முழுவதும் தெரிகிறது. மலைப்பாதை எதுவும் ஏற வேண்டியதில்லை.

வீட்டு வேலையைப் பற்றி நீ கவலைப்படுகிறாய். ஈர இலையை இப்போது நான் தொடுவதில்லை. காய்ந்த நாளில், படியில் பிடி பொருத்திய பிறகு, அரை மணி நேரம் மட்டும் கூட்டிக் கடதாசிப் பையில் போடுகிறேன். சளிக்காய்ச்சல் ஊசி கிடைத்த உடனே போட்டுக்கொள்வோம். நவராத்திரி ஒன்பது நாளும் மாலையில் கோயில் உண்டு.

கடைசியாக உள்ளி. இதைச் சொல்லாமல் விட்டால் நீ ரிக்கற் எடுத்துவிடுவாய். இந்த நாட்டில் உள்ளி நடுவது ஒக்ரோபர் நடுவில். குளிர் காணாத பூடு பல்லாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். முனை மேலே இருக்கும்படி, இரண்டு அங்குல ஆழத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டு, கூட்டிய இலையையே மேலே மூடாக்காகப் பரப்புவேன். அம்மா குனிய முடியாது. ஒரு சிறு வாங்கில் அமர்ந்து பற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எனக்கு எடுத்துத் தருவார். அறுபது பற்கள் எடுத்து வைத்திருக்கிறோம். கிளப்புவது ஜூலையில்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் நகர்த்திய பின், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதன்பிறகு எங்களுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. தைப்பொங்கலை உன்னோடு பொங்கும்படி, ஜனவரி 10ஆம் திகதி அளவில் இரண்டு இருக்கை பார். அம்மாவுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை வேண்டும். திரும்புவது ஏப்ரலுக்குள் இருக்கட்டும், உள்ளி முளை மூடாக்கைத் துளைக்கும் நேரம் அது.

அன்புடன்,
அப்பா