தனி உலை வைப்பவரைத் தனிக் குடும்பமாக ஏற்றுக்கொள்ளுங்கள்: உணவுப் பொருள் வழங்கல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவுப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதிய குடும்ப அட்டை கேட்டு என் பெரியம்மா அளித்த விண்ணப்பம் சென்ற மாதம் மூன்றாவது முறையாக நிராகரிக்கப்பட்டது. அவருக்கு வயது 71. கணவர் இறந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மகன் வீட்டின் பின்புறம் தகரம் வேய்ந்த சாய்ப்பில் 6 ஆண்டுகளாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறார். புதிய அட்டை கேட்பவரின் பெயர் வேறெந்த அட்டையிலும் இருக்கக் கூடாது என்பதால், மகனின் சம்மதத்தோடு அவருடைய அட்டையிலிருந்து முதலில் பெயரை நீக்கி, அதற்கான சான்றையும் இணைத்தே விண்ணப்பித்தோம். நீக்குவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. சேர்ப்பதற்கு ஒன்றரை ஆண்டுகளாக அலைகிறோம். இன்றைய நிலையில் அவர் பெயர் மகனின் அட்டையிலும் இல்லை, அவருக்கென்று ஓர் அட்டையும் இல்லை. தமிழ்நாட்டில் எந்த நியாயவிலைக் கடையின் பதிவேட்டிலும் என் பெரியம்மா என்றொருவர் இல்லை.

எந்த வட்ட வழங்கல் அலுவலகத்தில் இது நடந்தது என்பதை நான் எழுதவில்லை. ஓர் அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்வது என் நோக்கமன்று. குடும்பம் எது என்று முடிவு செய்யும் முறையிலேயே பிழை இருப்பதாக நான் நம்புவதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்றாவது விண்ணப்பத்தின்மேல் கள ஆய்வுக்கு அலுவலர் வந்த நாளில் நானும் அங்கிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். அவர் முன்வாசல் வழியாக மகன் வீட்டுக்குள் சென்று, அடுப்பங்கரையையும் எரிவாயு உருளையையும் பார்த்தார், வீட்டு வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் வந்து பாருங்கள் என்று பெரியம்மா அழைத்தார். சாய்ப்பின் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு மண் அடுப்பு, ஓர் அலுமினியக் குண்டான், ஒரு தட்டு, ஒரு டம்ளர், கயிற்றில் இரண்டு புடவைகள். காலையில் கஞ்சி காய்ச்சிய சாம்பலில் அப்போதும் சூடு இருந்தது. எரிவாயு இணைப்புப் புத்தகம் உண்டா என்று கேட்டார். குடும்ப அட்டை இல்லாமல் அந்த இணைப்புக்கு விண்ணப்பிக்க முடியவில்லை என்பதைச் சொன்னோம். ஒரே கதவு எண், தனிச் சமையலறை இல்லை என்று குறித்துக்கொண்டு சென்றார். அவர் கடுமையாக ஒரு சொல்லும் பேசவில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். அவர் போன பிறகு பெரியம்மா என்னிடம், "செவுரு இல்லன்னா அடுப்பு அடுப்பு இல்லியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது தங்கள் முன் வைக்கிறேன்.

இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் ஒரு குடும்பத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. ஒன்றாக வசித்து, ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின்கீழ் இரண்டு சமையல் நடந்தால் அது இரண்டு குடும்பம். தனியாகச் சமைத்து உண்பவர் ஒருவராக இருந்தாலும் அவர் ஒரு குடும்பமே. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை பேருக்கு உணவு தானியம் என்ற எண்ணிக்கையே 2011ஆம் ஆண்டின் அந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் வகுக்கப்பட்டது. தலைகளை எண்ணும்போது அடுப்பைப் பார்க்கிற அரசு, அரிசி அளக்கும்போது மட்டும் கதவு எண்ணைப் பார்ப்பது எந்த வகையில் பொருந்தும்? எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பிரிந்தால் தனி உலை வைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். வீடு பிரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உலை பிரிந்துவிடுவது உண்டு. ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: தனி உலை வைப்பவரைத் தனிக் குடும்பமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

தாய்க்கு மகன் அரிசி தரலாமே என்று கேட்கப்படலாம். அலுவலகத்திலும் அப்படிக் கேட்டார்கள். மகனிடம் இருப்பது முன்னுரிமையற்ற அரிசி அட்டை, அதாவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வராதவர்களுக்கு மாநிலம் தன் செலவில் அரிசி தரும் அட்டை. அவர், மனைவி, கல்லூரிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் செல்லும் இரண்டு பிள்ளைகள் என நால்வருக்கு மாதம் 20 கிலோ, அந்த அட்டைக்கு உச்சவரம்பே அதுதான். தாயின் பெயர் அதில் இருந்தபோதும் 20 கிலோ, நீக்கிய பிறகும் 20 கிலோ. அதாவது, அந்தப் பெயர் அங்கே இருந்த ஆண்டுகள் முழுவதும் அவருக்கென்று ஒரு பிடி அரிசிகூட அரசு ஒதுக்கவில்லை. நால்வருக்கே மாதக் கடைசி வரை போதாத அரிசியில் ஒரு பங்கைக் கேட்டு, மருமகளோடு மனத்தாங்கல் வளர்ந்து, அதன் பிறகுதான் அவர் பின்பக்கம் அடுப்பு மூட்டினார். ஒற்றை நபர் அட்டை கிடைத்தால் அவருக்கு மாதம் 12 கிலோ அரிசி வரும். 2011 ஜூன் முதல் இந்த மாநிலம் விலையில்லாமல் வழங்கிவரும் அந்த அரிசியை, அவர் இன்று மளிகைக் கடையில் கிலோ 50 ரூபாய் கொடுத்து வாங்குகிறார். வாங்குவது மாதம் 10 கிலோ. அந்த 500 ரூபாய் அவருக்கு வரும் 1,200 ரூபாய் ஓய்வூதியத்திலிருந்து போகிறது.

அந்த ஓய்வூதியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம். வருவாய்த் துறை விசாரித்து, இவருக்கு ஆதரவில்லை என்று ஏற்றுத்தான் அதை வழங்குகிறது. அந்த ஆணை தட்டச்சாகிய அதே வளாகத்தில், இரண்டு அறைகள் தள்ளியிருக்கும் வழங்கல் பிரிவில், இவர் மகனின் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று எழுதுகிறார்கள். ஓய்வூதிய ஆணையின் நகலை மூன்று விண்ணப்பங்களிலும் இணைத்திருந்தேன். அதை யாரேனும் பிரித்துப் பார்த்தார்களா என்பதைக்கூட என்னால் அறிய முடியவில்லை, ஏனெனில் நிராகரிப்புக்கான காரணம் இணையத்தில் ஒரு வரிக்கு மேல் இல்லை. ஒருவருக்கு உணவு மறுக்கப்படும்போது, ஏன் மறுக்கப்பட்டது, யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று கையெழுத்திட்ட ஒரு தாளாவது அவர் கையில் தரப்பட வேண்டாமா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. காரணம் தெரியாமல் அவரிடம் எதை முறையிடுவது?

அட்டை கிடைத்தாலும் எந்த வகை அட்டை என்பது அடுத்த கேள்வி. 2001இல் தொடங்கிய உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 மே 2 அன்று பிறப்பித்த ஆணையில், நிலையான ஆதரவில்லாத விதவைகளுக்கும், 60 வயதைக் கடந்து பிழைப்புக்கு வழியில்லாத முதியோருக்கும், மிக வறியவர்களுக்கான அந்தியோதயா அட்டை வழங்கச் சொன்னது. அந்த அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. என் பெரியம்மா இந்த இரண்டு வகையிலும் வருகிறார். ஆனால் 2017இல் வெளியான தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட காங்கிரீட் வீடுள்ள குடும்பம் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறாது. மகன் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் மூன்று அறைகள் உள்ளன. கதவு எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், தகரச் சாய்ப்பில் மழைக்கு ஒதுங்கி உட்காரும் என் பெரியம்மா மூன்று அறை காங்கிரீட் வீட்டில் வாழ்பவராகிவிடுகிறார். குடும்பம் எது என்பதைத் தவறாக வகுத்துவிட்டால், அதன்மேல் கட்டப்படும் தகுதி, வகை, அளவு எல்லாமே தவறாகிப்போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

1997இல் வறுமைக் கோட்டை வைத்து மக்களைப் பிரித்து வழங்கும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தபோது, தமிழ்நாடு அதற்கு உடன்படாமல் அனைவருக்குமான பொது விநியோகத்தைக் காத்து நின்றது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்றபோதும், பட்டியலில் வராதவர்களுக்குத் தன் செலவில் அரிசியைத் தொடர்ந்தது. அதில் எனக்கு உள்ளபடியே பெருமை உண்டு. சட்டத்தின் கணக்கில் தமிழ்நாட்டு ஊரகத்தில் 62.55 விழுக்காட்டினரும் நகர்ப்புறத்தில் 37.79 விழுக்காட்டினரும் மட்டுமே வருகிறார்கள். அந்த வரம்பு இன்றும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்தே நிற்கிறது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளும், அதற்குப் பிறகு முதுமையில் தனித்துவிடப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. அதை மாற்றுவது தங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் பெரியம்மாவுக்கு 12 கிலோ தருவதை டெல்லி தடுக்கவில்லை. அது முழுக்க நம் மாநிலத்தின் முடிவு. அனைவருக்கும் அரிசி என்று சொல்லும் மாநிலத்தில் ஒரு கிழவி ஓர் அட்டைக்காக ஒன்றரை ஆண்டு அலைவதை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

பொங்கல் தொகுப்புக்காகவும், 2023 செப்டம்பர் முதல் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு வழங்கப்படும் 1,000 ரூபாய் உரிமைத் தொகைக்காகவும் ஒரே சமையலில் உண்பவர்கள் பிரிந்ததாகக் காட்டுவதுண்டு. அதைத் தடுக்கும் கடமை துறைக்கு இருக்கிறது. ஆனால் தற்போதைய முறை அப்படிப் பொய் சொல்பவர்களைத் தடுப்பதில்லை. வேறு தெருவில் ஒரு மாதத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி, ஆய்வு முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று அலுவலகத்துக்கு வெளியே எங்களுக்கு யோசனை சொல்லப்பட்டது. அதற்கு 3,000 ரூபாய் கேட்டார்கள். பெரியம்மா மறுத்துவிட்டார். இந்த வயதில் பொய்க் கையெழுத்துப் போட்டுச் சோறு தின்ன மாட்டேன் என்றார். போட்டிருந்தால் இந்நேரம் அவர் கையில் அட்டை இருந்திருக்கும். உண்மையைச் சொன்னதால்தான் அவர் அரிசிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, இந்த மடலின் நடையைக் காத்துக்கொள்வது எனக்குக் கடினமாக இருக்கிறது. பொறுத்தருளுங்கள்.

தங்களிடம் பணிவாகக் கேட்பது இதுதான். தனி உலை வைப்பவரைத் தனிக் குடும்பமாக ஏற்கும்படி வட்ட வழங்கல் அலுவலர்கள் அனைவருக்கும் எழுத்துபூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். கதவு எண்ணும் எரிவாயுப் புத்தகமும் இல்லாத இடத்தில் கிராம நிர்வாக அலுவலரும் அக்கம்பக்கத்தாரும் சொல்வதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். யார் எங்கே கஞ்சி குடிக்கிறார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். புதிய அட்டைக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்காதீர்கள். இரண்டும் ஒரே ஆணையில் நடக்கட்டும், இடையில் யாரும் எந்த அட்டையிலும் இல்லாமல் நிற்க வேண்டாம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை முழுமையாக எழுதிக் கையில் கொடுங்கள்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் நான்காவது விண்ணப்பத்தோடு நானும் பெரியம்மாவும் வரிசையில் நிற்போம். ஓய்வூதிய ஆணை, பெயர் நீக்கல் சான்று, முந்தைய மூன்று விண்ணப்பங்களின் நகல்கள் எல்லாம் எங்களிடம் இருக்கும். மீண்டும் கள ஆய்வுக்கு ஒருவரை அனுப்புவதானால், தயவுசெய்து காலை எட்டு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பின்பக்கத்து அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடும்ப அட்டைதாரர் ஒருவர்