எந்த விக்கெட்? தமிழ் வர்ணனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கிரிக்கெட்டை வர்ணிப்பவர்களுக்கும் விளையாட்டுச் செய்தி எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

"விக்கெட்டில் பந்துவீச்சாளருக்கு உதவி இல்லை, ரவுண்ட் த விக்கெட் வந்து வீசினால் விக்கெட் கிடைக்கலாம்" என்பது போன்ற வாக்கியம் உங்கள் வாயில் தடையின்றி வருகிறது. என் பக்கத்தில் அமர்ந்து முதன்முறையாக ஆட்டம் பார்த்தவர், "இதில் எது விக்கெட்?" என்று கேட்டார். மூன்றும்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முதலாவது ஆடுகளத் தரை, இரண்டாவது நட்டுவைத்த குச்சிகள், மூன்றாவது ஆட்டமிழப்பு.

ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சிறு வாயில் என்பது பழைய பொருள். இரண்டு குச்சிகளும் மேலே ஒரு குறுக்குக் கட்டையும் வைத்து ஆடிய காலத்தில் அந்தப் பெயர் பொருந்தியது. 1775-இல் ஓர் ஆட்டத்தில் பந்து இரு குச்சிகளுக்கும் நடுவே மும்முறை புகுந்து வெளியேறியும் மட்டையாளர் ஆட்டமிழக்காததால்தான் மூன்றாவது குச்சி வந்தது. இன்றைய விதிப்புத்தகத்திலும் விக்கெட் என்பது மூன்று ஸ்டம்புகளும் (குச்சிகள்) அவற்றின் மேல் வைக்கும் இரண்டு பெயில்களும் (சிறு கட்டைகள்) சேர்ந்த அமைப்புதான். 22 கெஜ ஆடுகளத்துக்கு 6-ஆம் விதி, விக்கெட்டுக்கு 8-ஆம் விதி என்று அது இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஆடுகளம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்க, "விக்கெட் மெதுவாக இருக்கிறது" என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஆட்டமிழப்பு என்ற பொருளைத் தொட வேண்டாம். முரளிதரனின் 800 விக்கெட்டுகளை எவரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. (ரன் அவுட்டில் விக்கெட் விழுந்தும் அது பந்துவீச்சாளர் கணக்கில் சேராது என்பது தனிச் சிக்கல்.) உண்மையான குழப்பம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 5 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி என்றால், எண்ணப்படுபவை விழாமல் எஞ்சியவை. 2006-இல் இலங்கை வீரர்கள் சங்கக்காராவும் ஜெயவர்த்தனேவும் மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ரன் சேர்த்தார்கள் என்னும்போதோ, அந்த ரன்கள் வந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அந்த மூன்றாவது விக்கெட் விழவே இல்லை. இரண்டாவது விழுந்ததற்கும் மூன்றாவது விழுந்ததற்கும் இடைப்பட்ட காலத்துக்கே அங்கே விக்கெட் என்று பெயர்.

விக்கெட்டை "இலக்கு" என்று பெயர்ப்பவர்களின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் எட்ட வேண்டிய ரன்னையும் இலக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "180 ரன் இலக்கை 4 இலக்குகளை இழந்து எட்டினர்" என்று எழுதினால் பழைய குழப்பம் தமிழ் உடுத்தி வந்து நிற்கும்.

ஆகவே, தரையைக் குறிக்க ஆடுகளம், குச்சிகளைக் குறிக்க ஸ்டம்ப் என்று சொல்லி, விக்கெட்டை ஆட்டமிழப்புக்கும் அதன் எண்ணிக்கைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்ட் த விக்கெட்டை, ஸ்டம்புக்கு எந்தப் பக்கமிருந்து வீசுகிறார் என்று விளக்கிவிடலாம். "மூன்றாவது விக்கெட்டுக்கு" என்பதற்கு அதே அளவு சுருக்கமான மாற்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு விக்கெட் விழுந்தபின் சேர்ந்த ஜோடி என்று ஆட்டத்துக்கு ஒருமுறையேனும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் நேயர்