பவளப் பார் ஓரம் கயாக்: நங்கூரக் கயிற்றை எங்கே கட்டுவது?

ஆசிரியருக்கு,

மண்டபம், பாம்பன் பக்கம் கயாக்கில் (சிறு துடுப்புப் படகில்) தூண்டில் போடப் போகிறவர்கள் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது வடகடல் (பாக் விரிகுடா) கரையோரம் தட்டையாகக் கிடக்கும். நம்பி இறங்கினால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். வாடைக்காற்றில் தென்கடலும் (மன்னார் வளைகுடா) அப்படித்தான்.

நங்கூரத்தைப் பாரின் (கடலடிப் பவளப்பாறையின்) மேல் போடாதீர்கள். பவளமும் உடையும், நங்கூரமும் சிக்கும். பக்கத்து மணலில் இறக்கி, ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது கயிறு விடுங்கள். கயிற்றை நங்கூரத்தின் அடியில் கட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் மெல்லிய பிளாஸ்டிக் டையால் பிணைக்க வேண்டும். சிக்கினால், இழுத்ததும் டை அறுந்து பின்பக்கமாகக் கழன்றுவரும். மறுமுனை அணியத்தில் (கயாக்கின் முன்முனையில்) இருக்கட்டும். கயாக்கின் நடுவில் கட்டினால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். கயிறறுக்கக் கத்தி கைக்கெட்டும் இடத்தில் வேண்டும்.

களவா மீன் கடித்ததும் பொந்துக்குள் பாயும். அந்த முதல் இரண்டு முழத்தை விட்டுக்கொடுத்தால் தங்கூசி (தூண்டில் நரம்பு) பாறையில் உரசி அறுந்துவிடும்.

வற்றத்தில் (கடல் நீர் இறங்கும்போது) பாரின் மேல் திடீரென அலை உடையும். 10 நிமிடம் தள்ளி நின்று பார்த்துவிட்டு நெருங்குங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்கே தூண்டிலே கூடாது. லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், காலடியில் அல்ல. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

– ஒரு வாசகர், மண்டபம்